ஆறாவது கட்டி

17

கே.கே. நகரில் டாக்டர் பிருந்தாவின் கிளினிக்கில் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முத்துச்செல்வி பத்தேகாலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கம் அம்மா முனியாயி. இன்னொரு பக்கம் அண்ணன் பீமாராவ்.

ஆறு வாரமாக இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார்கள். முத்துச்செல்வியின் வலது புருவத்துக்கு மேலே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. அதற்கு முனியாயி சுண்ணாம்பும் கருப்பட்டியும் குழைத்துப் போட்டாள். தானாக உடைந்து வெளியே வந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பினாள். மூன்றாம் நாள் கண் மூடுமளவுக்கு முகம் வீங்கி, காய்ச்சலில் பிதற்றிய தங்கையைப் பீமாராவ்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு இங்கே ஓடிவந்தான். அன்றைக்கு டாக்டர் சின்னதாகக் கீறிச் சீழை மட்டும் வடித்தார். "புண் நல்லா ஆறட்டும். பிறகு பையோட எடுத்துறலாம்" என்று அனுப்பிவிட்டார்.

சமயநல்லூரில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் முத்துச்செல்விக்கு அதற்குள் பள்ளிக்கூடத்தில் கொம்பு டீச்சர் என்று பெயர் வந்திருந்தது.

"பயமா இருக்கா?" என்றான் பீமாராவ்.

"இல்லண்ணே. சீக்கிரம் முடிஞ்சாப் போதும்."

"மரப்பு ஊசி போட்ருவாங்க. ஒண்ணுமே தெரியாது."

அதோடு அவன் பேச்சு நின்றுவிட்டது. மின்வாரியத்தில் வயர்மேன். இருபத்தாறு வயது. ஊரில் எந்தத் தெருவில் எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது என்று மூச்சுவிடாமல் பேசுகிறவன். இன்றைக்கு என்னவோ வாயே திறக்கவில்லை. முகம் வேறு வெளுத்துப் போயிருந்தது. இரண்டு ராத்திரி டூட்டி சேர்ந்தாற்போல் பார்த்திருக்கிறான், அதனால் இருக்கும் என்று முத்துச்செல்வி நினைத்துக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"போன தடவை காய்ச்சல்ல இருந்தீங்க. உங்ககிட்ட எதையும் கேக்க முடியல" என்றபடி டாக்டர் பிருந்தா அவள் நெற்றியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். நாற்பது வயதிருக்கும் அவருக்கு. விரலால் தோலைக் கிள்ளித் தூக்கினார். கட்டியும் தோலோடு சேர்ந்து வந்தது. அதன் நடுவில் ஊசி முனையளவு ஒரு கறுப்புப் புள்ளி.

"தோலுக்குக் கீழ ஒரு சின்னப் பை இருக்கு. மேல உதிர வேண்டிய தோலு அதுக்குள்ளயே உதிர்ந்து சேருது. பிதுக்குனா கூழ் மாதிரி வரும். ஆனா பை உள்ள இருக்கற வரைக்கும் மறுபடி நெரம்பிக்கிட்டேதான் இருக்கும். அதனாலதான் முழுசா எடுக்கணும். கட்டி ஆபத்தானது இல்ல, பயப்பட வேணாம்."

முனியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற எங்கயாச்சும் இருக்கா?"

"தலையில ரெண்டு இருக்கு டாக்டர். பிடரியில ஒண்ணு. கெண்டைக்கால்ல ஒண்ணு. வலிக்காது. அதனால அப்படியே விட்டுட்டேன்."

பிருந்தா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நெற்றியில் இருப்பதோடு சேர்த்து ஐந்து.

"எந்த வயசுல வர ஆரம்பிச்சுச்சு?"

"மூணாவது படிக்கறப்பவே தலையில இருந்துச்சு. அம்மா தல சீவி விடறப்ப சீப்பு இடிக்கும்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "அவ்வளவு சின்ன வயசுலயா?" என்றார் டாக்டர். பிறகு முனியாயியைப் பார்த்தார். "வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி..."

"யாருக்கும் இல்ல."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

முத்துச்செல்வியை மேஜையில் படுக்க வைத்து முகத்தின் மேல் பச்சைத் துணியைப் போட்டார்கள். துணியில் நெற்றிக்கு நேராக மட்டும் ஒரு துளை. அவளுக்கு வெளிச்சம் பச்சையாகத் தெரிந்தது, ஸ்பிரிட் வாசனை வந்தது. அவ்வளவுதான்.

"சுருக்குனு இருக்கும்."

ஊசி குத்தியது. எரிந்தது. சற்று நேரத்தில் நெற்றி தன்னுடையது இல்லை என்பதுபோல் மரத்துப்போனது. யாரோ தோலைப் பிடித்து இழுப்பதும் விடுவதும் மட்டும் தெரிந்தது. முன்பு சீழ் பிடித்த இடமென்பதால் பை சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் நர்சிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவசரப்பட்டால் கிழிந்துவிடும். ஒரு துண்டு உள்ளே நின்றாலும் திரும்ப வரும்.

கால் மணி நேரம் ஆனது.

"வந்துருச்சு. முழுசா வந்துருச்சு" என்றார் பிருந்தா. குரலில் நிம்மதி இருந்தது. "பாட்டில்ல போடு. பயாப்ஸிக்கு அனுப்பணும்."

தையல் போடுவதற்காக அவள் முகத்தைத் திருப்பி, தாடையை இடது கையால் தாங்கிப் பிடித்தார். அந்தக் கை அப்படியே நின்றது.

விரல்கள் தாடை எலும்பின் மேல் ஓரிடத்தில் அழுத்தின. நகர்ந்தன. திரும்ப அதே இடத்துக்கு வந்தன.

"இங்க எப்பவாச்சும் அடிபட்டுச்சா?"

"இல்லையே டாக்டர்."

"இந்த முடிச்சு எப்பலருந்து இருக்கு?"

"என்ன முடிச்சு?"

பிருந்தா தையலை முடித்தார். துணியின் கீழ் ஓரத்தை மட்டும் தூக்கி வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். "கடைவாய்ல ஒரு பல்லு கூடுதலா இருக்கு."

"ஆமா டாக்டர். அப்பாவுக்கும் இருந்துச்சாம். அதிர்ஷ்டப் பல்லும்பாங்க."

"இந்த அஞ்சு கட்டியும் தோல்ல இருக்கு, தள்ளுனா நகருது. தாடையில இருக்கறது ஆறாவது. இது நகரல" என்றார் டாக்டர். "இது எலும்பு."

பிறகு கையுறையைக் கழற்றும் சத்தம். இன்டர்காம் எண்ணை அழுத்தும் சத்தம். மாடியில் அவருடைய பெரியப்பா டாக்டர் ராமமூர்த்தி இருந்தார். வயிறு, குடல் சிறப்பு மருத்துவர் என்று வாசல் பலகையிலேயே போட்டிருந்தது. பிருந்தா அவரிடம் தங்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் பேசினார். முத்துச்செல்விக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நடுநடுவே வந்த இங்கிலீஷ் வார்த்தைகள் மட்டும் துணியைத் தாண்டி வந்து விழுந்தன.

ஃபாதர். ஃபேமிலி. கோலன்.

பன்னிரண்டாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்த வார்த்தை அது. பெருங்குடல். நெற்றிக் கட்டிக்கும் பெருங்குடலுக்கும் என்ன சம்பந்தம்? மரத்த நெற்றிக்குக் கீழே அவளுக்கு வியர்த்தது.

தெருமுனையில் தாடையை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். எடுத்து வந்தார்கள். டாக்டர் ராமமூர்த்தி மாடியிலிருந்து இறங்கி வந்து, படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். தாடை எலும்பில் இரண்டு இடத்தில் சுண்ணாம்பை உருட்டி வைத்ததுபோல வெள்ளையாகத் தெரிந்தது.

மூவரையும் எதிரில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

"அப்பா இல்லன்னு சொன்னாங்க" என்றார் ராமமூர்த்தி. "எந்த வயசுல இறந்தாரு?"

"முப்பத்தெட்டு" என்றான் பீமாராவ்.

"எதனால?"

"குடிச்சு. குடிச்சுக் குடிச்சு வயிறு வெந்து செத்தாரு."

அவன் அதைச் சொல்லும் விதம் முத்துச்செல்விக்குப் பழகியதுதான். அப்பா சாகும்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் குடிகாரன் மகன் என்று கேட்டு வளர்ந்தவன். இன்றுவரை அப்பா போட்டோ வீட்டில் மாட்டப்படவில்லை. அவன் மாட்ட விட்டதில்லை.

"அவரு குடிக்கல."

எல்லோரும் முனியாயியைப் பார்த்தார்கள். அவள் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சொல்ற?" என்றான் பீமாராவ்.

"ஒரு சொட்டு குடிக்கல. நாந்தேன் அப்படிச் சொன்னேன்." அவள் குரல் தடுமாறவில்லை. "வெளிக்குப் போனா ரத்தமாப் போச்சு. ஒரு வருசம் அப்படித்தேன் இருந்துச்சு. எங்கிட்டக்கூட வாயத் தெறக்கல. வேட்டி தொவைக்கையில பாத்துட்டுத்தேன் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனோம். குடல்ல புத்து, முத்திப்போச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னாங்க."

"ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

"உங்க தாத்தாவும் அதே மாதிரித்தேன் போனாராம். அதே வயசு. குடும்பத்தோட வார நோயின்னு ஊருக்குத் தெரிஞ்சா உங்க ரெண்டு பேருக்கும் யாரு பொண்ணு குடுப்பா, யாரு எடுப்பா? குடிச்சுச் செத்தான்னா நாலு நா பேசுவாங்க, விட்ருவாங்க. அவருதேன்யா சொன்னாரு. அப்படியே சொல்லிரு முனியாயி, பிள்ளைகளுக்கு அதுதேன் நல்லதுன்னு."

பீமாராவ் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவருக்குத் தலையில கட்டி இருந்துச்சாம்மா?" என்றார் பிருந்தா.

"நாலஞ்சு இருந்துச்சு டாக்டரம்மா. அதுக்காகவே தலத்துண்ட அவுக்க மாட்டாரு. நீங்க காலையில கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

ராமமூர்த்தி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நல்லாக் கேட்டுக்கங்க. தோல்ல கட்டி நெறையப் பேருக்கு வரும். எடுத்துட்டா முடிஞ்சு போச்சு. ஆனா சின்ன வயசுலயே அங்கங்க கட்டி, தாடை எலும்புல முடிச்சு, கூடுதல் பல்லு, அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் நாப்பதுக்குள்ள குடல்ல புத்து, இதெல்லாம் ஒரே வீட்ல இருந்தா, அபூர்வமா ஒரு பரம்பரை நோய் இருக்கு. பெருங்குடலுக்குள்ள சின்னச் சின்னதா சதை வளரும். நூத்துக்கணக்குல வளரும். விட்டுட்டா அதுல ஒண்ணு புத்தா மாறிரும்."

"இவளுக்கு அது இருக்கா?" என்றாள் முனியாயி.

"இருக்குன்னு நான் சொல்லல. சந்தேகப்படறேன். பின்வழியா கேமரா வச்ச ட்யூப் விட்டுப் பாத்தாத் தெரிஞ்சிரும். கண் டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டணும், இந்த நோய் இருந்தா கண்ணுக்கு உள்ள சில புள்ளி இருக்கும். சதை இருந்து, புத்தா மாறறதுக்கு முன்னால பாத்துட்டா ஆபரேஷன் பண்ணிக் காப்பாத்திரலாம். உங்க வீட்டுக்காரருக்குக் கெடைக்காத நேரம் இவங்களுக்கு இருக்கு."

முத்துச்செல்வி அண்ணனைப் பார்த்தாள். டாக்டர்கள் இருவரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா, பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் சரிபாதி வாய்ப்பு" என்றார் பிருந்தா. "தலையக் காட்டுங்க தம்பி."

"எனக்கு ஒண்ணும் இல்லங்க."

"காட்டுங்க."

குனிந்தான். பிருந்தா முடியை விலக்கினார். உச்சியில் ஒன்று, காதுக்குப் பின்னால் இரண்டு. தாடையைத் தடவினார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் கையை எடுத்தார்.

"வெளிக்குப் போறப்ப ரத்தம் போகுதா?"

"இல்ல."

"வயித்து வலி? அடிக்கடி போற மாதிரி இருக்கா?"

"இல்லங்க. எனக்கு ஒண்ணும் இல்ல." சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

திங்கட்கிழமை காலை இருவருக்கும் சோதனை என்று எழுதிக் கொடுத்தார்கள். "எனக்குத் திங்கக்கெழம லைன் வேல இருக்கு" என்றான் பீமாராவ். சீட்டை முனியாயி வாங்கிக்கொண்டாள்.

சிம்மக்கல்லில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது மணி நாலரை. மொத்தக் கடைகளுக்கு மூட்டை இறக்கும் வண்டிகள் பாதித் தெருவை அடைத்திருந்தன. சமயநல்லூர் பஸ் அப்போதுதான் போயிருந்தது.

"ஏத்தா, காலையிலருந்து ஒண்ணும் தின்னல. ரெண்டு சாத்துக்குடி வாங்கிட்டு வாரேன்" என்று முனியாயி தள்ளுவண்டிப் பக்கம் போனாள். அவள் நடை எப்போதையும்விட மெதுவாக இருந்தது.

முத்துச்செல்வியின் நெற்றியில் மரப்பு விட்டுப்போய், தையல் போட்ட இடம் தெறிக்க ஆரம்பித்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அண்ணே. டாக்டர் கேட்டதுக்கு நீ காலண்டரப் பாத்துத்தான பதில் சொன்ன?"

அவன் பஸ் வரும் திசையைப் பார்த்தான்.

"எங்கிட்டச் சொல்லு."

"பதினாலு வருசமா அவருக்குத் திதி குடுக்கல" என்றான் பீமாராவ். "அம்மா இலை போடும். நான் வெளிய போயிருவேன். குடிகாரனுக்கு எதுக்குச் சோறுன்னு ஒரு தடவ இலையவே தூக்கி எறிஞ்சேன். உனக்கு ஞாபகம் இருக்கா? அம்மா ஒண்ணும் சொல்லாமப் பொறுக்கி எடுத்துச்சு."

"இருக்கு."

"அந்த மனுசன் எனக்காகக் கெட்ட பேரு வாங்கிட்டுப் போயிருக்காரு."

"அண்ணே, நான் கேட்டது வேற."

ஒரு டவுன் பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. புகை அடங்கும்வரை அவன் காத்திருந்தான்.

"நாலு மாசமாப் போகுது."

அவளுக்கு முதலில் காது கேட்காததுபோல் இருந்தது.

"மூலம்னு நெனச்சேன் செல்வி. இதே சிம்மக்கல்லதான் லேகியம் வாங்கித் தின்னேன். கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு. போன மாசத்துலருந்து அதிகமாயிருச்சு. போன வாரம் கம்பத்து மேல தல சுத்திருச்சு. பெல்ட்டு போட்டிருந்தேன், தப்பிச்சேன்."

"அப்ப இன்னிக்கு அம்புட்டுப் பேரு முன்னால ஏன் இல்லன்னு சொன்ன?"

"அம்மா அப்பத்தான சொல்லி முடிச்சுச்சு. அதே மூச்சுல எனக்கும் போகுதுன்னு எப்படிச் சொல்றது? திங்கக்கெழம வரைக்கும் பொறு. நான் வாரேன். சத்தியமா வாரேன். அதுவரைக்கும் அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

முத்துச்செல்வி தள்ளுவண்டிப் பக்கம் பார்த்தாள். முனியாயி ஒவ்வொரு பழமாக எடுத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. நாலு நாளில் இவன் எத்தனை கம்பம் ஏறுவான்?

"முடியாதுண்ணே."

"செல்வி."

"அப்பாவும் இதத்தான சொல்லியிருக்காரு, யாருக்கும் தெரிய வேணாம்னு. இன்னிக்கு அதத்தான கேட்டுட்டு வந்தோம். நீ சொல்றியா, நான் சொல்லவா?"

முனியாயி பையோடு வந்துவிட்டாள். இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என்ன?"

பீமாராவ் தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"எனக்கும் போகுதும்மா."

எது என்று அவள் கேட்கவில்லை. பழப்பை கையிலிருந்து நழுவி, ஒரு சாத்துக்குடி உருண்டு மூட்டை வண்டிச் சக்கரத்துக்கு அடியில் போய் நின்றது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. அழவும் இல்லை. நிறுத்தத்தில் நின்ற ஆட்டோவில் முதலில் ஏறி உட்கார்ந்தாள்.

"கே.கே. நகருக்கு விடுப்பா" என்றாள்.

சமயநல்லூர் பஸ் எதிரில் வந்துகொண்டிருந்தது. மூவரும் அதற்கு எதிர்த்திசையில் போனார்கள்.

டாக்டர் பிருந்தா மாலை நேர நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். வாசலில் அவர்களைப் பார்த்ததும் காத்திருந்தவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். பீமாராவ் இந்த முறை எதையும் மறைக்கவில்லை. நாலு மாதம், லேகியம், கம்பத்தில் தலை சுற்றியது, எல்லாம் சொன்னான்.

பிருந்தா அவன் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தமே இல்லாததுபோல் வெளுத்திருந்தது. படுக்கச் சொல்லி, வயிற்றை வலப்பக்கத்திலிருந்து மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். இடப்பக்கம் தொப்புளுக்குக் கீழே வந்ததும் விரல்கள் நின்றன. இன்னொரு முறை அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"திங்கட்கிழமை வரைக்கும் வேணாம்" என்றார் டாக்டர். "இன்னிக்கே அட்மிட் பண்ணிரலாம். ரத்தம் ஏத்தணும். ராத்திரி குடலைச் சுத்தம் பண்ண மருந்து குடுப்போம். காலையில பெரியப்பாவே பாத்துருவாரு. தங்கச்சிக்குத் திங்கட்கிழமை போதும்."

பீமாராவ் தலையாட்டினான். கூரையைப் பார்த்துக்கொண்டே, "ஆபீசுக்கு யாராச்சும் சொல்லணும்" என்றான்.

"நான் சொல்லிக்கிறேண்ணே" என்றாள் முத்துச்செல்வி. அவன் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது.

முனியாயி கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுற்றி வந்தாள். டாக்டரின் கை நின்ற அதே இடத்தில், மகன் வயிற்றின் மேல், தன் கையை வைத்தாள். வைத்துக்கொண்டே கேட்டாள்.

"டாக்டரம்மா, இங்க கையில என்னமோ தட்டுப்படுது. என்னது இது?"

பிருந்தா திறந்திருந்த கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை அவளுக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.